சிவப்பு வட்டங்கள்

எட்டடிக்குப் பத்தடி அறை. சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டையில், கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் ஒரு தொழிற்சாலையின் முதல் மாடியில், கணக்குப் பிரிவுக்கும் ஸ்டோருக்கும் இடையில் இருக்கிறது. உள்ளே ஆளுயர ரேக். அதில் இரண்டு சர்வர்கள், ஒரு ஃபயர்வால், ஒரு ஸ்விட்ச், ஸ்விட்சிலிருந்து நீலமும் சாம்பலுமாக இறங்கும் கேபிள்கள். ஒவ்வொரு கேபிளின் கழுத்திலும் துண்டுக் காகிதம் சுற்றி, மேலே செலோடேப் ஒட்டி, எந்த மேசைக்குப் போகிறது என்று பொடி எழுத்தில் எழுதியிருக்கிறது. ரேக்கின் நெற்றியில் போன ஆயுத பூசைக்கு வைத்த சந்தனம் காய்ந்து பாதி உதிர்ந்துவிட்டது. குங்குமம் மட்டும் நிற்கிறது. மூலையில் யூபிஎஸ், அதன் பேட்டரிகள், பக்கத்தில் டிஸ்டில்டு வாட்டர் கேன். இரண்டு ஏசிகள் முறை வைத்து ஓடுகின்றன. ஒன்றின் கீழே பிளாஸ்டிக் வாளி. சுவரில் மாதக் காலண்டர். ஒவ்வொரு தேதியிலும் பச்சை மையில் ஒரு டிக். சில தேதிகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

சனிக்கிழமை இரவு எட்டு மணி. கீழே இரண்டாவது ஷிப்ட் ஓடுகிறது. பிரஸ் அடிக்கும்போதெல்லாம் தரை மெல்ல அதிர்கிறது. திங்கட்கிழமை காலை ஆபீஸ் திறக்கும்போது இந்த ரேக்கில் இருக்கும் கணக்கு, சம்பளம், ஸ்டாக், பில் எல்லாமே கிளவுடிலிருந்து ஓட வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. கம்பெனியின் ஆடிட்டரோடு வந்தவன் நான். அவர் முதலாளியின் மகனோடு பேச உள்ளே போய்விட்டார். கதவோரம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ரேக்குக்கு முன்னால் நிற்பவரை எல்லோரும் ‘சிஸ்டம் சார்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஓய்வை நெருங்கிய வயது. சட்டைப் பையில் பச்சை, சிவப்பு, நீலம் என மூன்று பேனாக்கள், இடுப்பில் சாவிக்கொத்து. தரையில் சம்மணமிட்டு மடியில் லேப்டாப்பை வைத்திருக்கும் இளைஞன், இந்த மாற்றத்தைச் செய்துகொடுக்க வந்திருக்கும் நிறுவனத்தின் ஆள். அவன் திரையில் ஒரு பட்டை கொஞ்சம் கொஞ்சமாக நிறைகிறது. தொழிற்சாலையின் இருபது வருடக் கணக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது.

“சார், எந்தெந்த நாள்ல லோடு ஜாஸ்தியா இருக்கும்?”

சிஸ்டம் சார் காலண்டர் பக்கம் திரும்பவேயில்லை. “ஏழாந்தேதி டிடிஎஸ். பதினொண்ணு ஜிஎஸ்டிஆர் ஒன். பதினஞ்சு பிஎஃப், ஈஎஸ்ஐ. இருபது த்ரீ-பி. மாசக் கடைசி மூணு நாள் டிஸ்பாட்ச் பில்லு மழை மாதிரி விழும். மார்ச் கடைசி வாரம் கேக்கவே வேணாம், ராத்திரியும் ஆள் இருப்பாங்க.”

வரிக்கும் பிஎஃபுக்கும் உரிய கடைசி நாட்களை இளைஞன் தட்டிக்கொண்டே வருகிறான்.

“தீபாவளிக்கு முன்னாடி போனஸ் போடுவாங்க. அன்னிக்கு சம்பளமும் பில்லும் ஒரே நேரத்துல ஓடும். அதையும் போட்டுக்கோ தம்பி. ரெண்டும் சேர்ந்தா இது திணறும்.” ‘இது’ என்று சொல்லும்போது அவர் கை மேல் சர்வரின் மீது இருக்கிறது.

“ஞாயித்துக்கிழமை சார்?”

“ஸ்டோர்ஸ் மட்டும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல ஒருத்தரும் தொட மாட்டாங்க.”

“அப்போ நாலு மணிக்கு ஆஃப் பண்ணிடலாம். ஓடற நேரத்துக்குத்தானே பில்லு வரும்.”

சிவப்பு வட்டங்கள் ஒவ்வொன்றாக விதிகளாகின்றன. பதினோராம் தேதி காலை இயந்திரம் தானே பெரிதாகும், இரவில் சுருங்கும். வட்டு எண்பது சதவீதம் நிறைந்தால் கைபேசிக்குச் செய்தி வரும். பழக்கமில்லாத ஊரிலிருந்து நடு இரவில் யாராவது உள்ளே நுழையப் பார்த்தால் வழி அடைபடும். அங்கே ஒரு இயந்திரம் பழுதானால் அதன் வேலையை வேறொன்று எடுத்துக்கொள்ளும். பில் போடுகிறவருக்கு அது தெரியக்கூடச் செய்யாது. இந்த அறையில் ஒரு டிஸ்க் போனால் கணினிப் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவுக்கு ஆள் ஓட வேண்டும், புதியது வரும்வரை லாரி காத்து நிற்க வேண்டும். அந்த நிலை முடிகிறது என்பதில் எனக்கு உண்மையான சந்தோஷம். ஆனால் விதிகளை எழுதுவது யாருடைய அறிவு என்பதையும் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாற்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கும் மென்பொருளில் தீபாவளி போனஸ் நாள் எழுதப்பட்டிருக்காது.

“டிஸ்க் சத்தம் மாறினா அது போகப்போகுதுன்னு அர்த்தம். அதை எங்க போடுவ?” என்று கேட்கிறார்.

இளைஞன் யோசித்துவிட்டு, “அங்க சென்சார் இருக்கு சார். சூடு, அதிர்வு, தப்பு எழுத்து எத்தனை தடவைன்னு எல்லாத்தையும் எண்ணிக்கிட்டே இருக்கும். போறதுக்கு முன்னாடியே மாத்திடுவாங்க” என்கிறான். சிஸ்டம் சார் தலையாட்டுகிறார். திருப்தியாகத்தான் ஆட்டுகிறார் என்று தோன்றுகிறது.

கிளவுட் என்பது வாடகைக் கணினிதான். அமேசான் தன் கணினித் திறனை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது 2006-இல். மணிக்குப் பத்து சென்ட் என்பது அன்றைய ஆரம்ப விலை. இந்தியாவுக்குள் இப்படி வாடகைக்கு விடும் தரவு மையங்களை மைக்ரோசாஃப்ட் 2015-இல் புனே, சென்னை, மும்பையில் திறந்தது. அடுத்த ஆண்டு அமேசான் மும்பைக்கு வந்தது, 2022-இல் ஹைதராபாத்துக்கும் வந்தது. பட்டனும் பிரேக் பாகமும் செய்யும் இடங்களுக்கு அந்த வாடகை வந்து சேர்ந்தது அதற்கும் பிறகு. ஆசையால் வந்ததாக நான் நினைக்கவில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மின் விலைப்பட்டியல் கட்டாயமாயிற்று. அந்த வரம்பு படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்துவிட்டது. இன்று இந்தக் கேட்டைத் தாண்ட வேண்டிய ஒவ்வொரு லோடுக்கும் பில் இங்கிருந்து அரசின் கணினிக்குப் போய், எண்ணும் க்யூஆர் குறியும் வாங்கித் திரும்ப வேண்டும். சொந்த சர்வர் பக்கத்து அறையிலேயே இருந்தாலும் லாரியின் சக்கரம் உருள்வது தொலைவில் இருக்கும் ஒரு கணினியின் சம்மதத்தால்தான்.

இதை எனக்குப் புரிய வைத்தவர் சீனியர் அக்கவுண்டன்ட். மூக்குக்கண்ணாடியும் கையில் நீள நோட்டுமாக அந்த அம்மாள் வந்து கதவில் சாய்ந்து நிற்கிறார்.

“தம்பி, நெட் போனா என்ன பண்றது?”

“ரெண்டு கம்பெனி ஃபைபர் போட்டிருக்கோம் மேடம். ரெண்டும் போனா சிம் கார்டு ரூட்டர்.”

“ரெண்டு ஃபைபரும் ஒரே கம்பத்துலயா வருது?”

இளைஞன் நிமிர்ந்து பார்க்கிறான். சிஸ்டம் சார் பதில் சொல்கிறார்: “இல்லம்மா. ஒண்ணு முன் கேட்டு, ஒண்ணு பின்னாடி சந்து. நானே நின்னு இழுக்க வச்சேன்.” அம்மாள் நோட்டில் குறித்துக்கொள்கிறார்.

“சரி. நம்ம கணக்கு எந்த ஊர்ல இருக்கும்?”

“மும்பைல. ஒரு காப்பி ஹைதராபாத்ல.”

“தினமும் காப்பி ஆகுமா? இந்தியாவுக்குள்ள தினமும் எடுத்திருக்கணும். சட்டம்.” 2022 ஆகஸ்டில் திருத்திய கம்பெனிக் கணக்கு விதியை அவர் சொல்கிறார். இளைஞன் ஆகும் என்கிறான். அதையும் குறித்துக்கொள்கிறார்.

“கடைசியா ஒண்ணு. இதுக்கெல்லாம் மேல ஒரு பாஸ்வேர்டு இருக்குமில்ல, எல்லாத்தையும் அழிக்கக்கூட உரிமை உள்ளது. அது யாரு பேர்ல?”

அறையில் ஏசி சத்தம் மட்டும் கேட்கிறது. “இப்போதைக்கு எங்க ஆபீஸ் மெயில்ல திறந்திருக்கோம் மேடம். அப்புறமா மாத்திக்கலாம்.”

“அப்புறம்னா எப்போ?” என்கிறார். குரலை உயர்த்தவில்லை. போய் முதலாளியின் மகனை அழைத்து வருகிறார். கால் மணி நேரத்தில் அந்தக் கிளவுட் கணக்கு கம்பெனியின் சொந்த மின்னஞ்சலுக்கு மாறுகிறது. ரகசிய எண் வரும் கைபேசியும் மாறுகிறது. அவசரத்துக்கான குறியீடுகளை அச்செடுத்து உறையில் போட்டு, பணப்பெட்டி இருக்கும் அலமாரிக்குக் கொண்டு போகிறார்கள். இந்த இரவில் நடந்ததிலேயே முக்கியமான வேலை அதுதான் என்று நினைக்கிறேன். கணக்கு வைத்திருக்கும் இயந்திரம் வாடகையாக இருக்கலாம்; பூட்டுச்சாவி வாடகையாக இருக்கக் கூடாது. எத்தனையோ சிறு தொழில்களில் அந்தச் சாவி யாரோ ஒருவரின் மின்னஞ்சலில் கிடக்கிறது. அந்த ஒருவர் வேலை மாறிப்போகும்வரை யாரும் கேட்பதில்லை.

டீ வருகிறது. இளைஞன் டம்ளரை ரேக்கின் மேல் வைக்கப் போக, சிஸ்டம் சார் வாங்கி ஜன்னல் திட்டில் வைக்கிறார். “ஏன் சார் மாடியில வச்சீங்க, கீழ இடம் இருக்கே?” என்று கேட்கிறான்.

“கீழதான் இருந்துச்சு. 2015 டிசம்பர்ல தண்ணி வந்துச்சு பாரு, அப்போ முழங்கால் வரைக்கும். கரண்ட் ஆஃப் பண்ணிட்டு, நானும் வாட்ச்மேனும் இதை மேசை மேல ஏத்தினோம். டிஸ்கை மட்டும் கழட்டி பிளாஸ்டிக் கவர்ல சுத்தி எடுத்துட்டுப் போனேன். வீட்டுலயும் தண்ணி. பரண் மேல வச்சோம். பில்லு ஃபைல் எல்லாம் கீழ ரெக்கார்ட் ரூம்ல இருந்துச்சு. அது போச்சு.”

அவர் அதை வீரமாகச் சொல்லவில்லை. கேபிள் எந்த மேசைக்குப் போகிறது என்று சொல்வதைப் போலவே சொல்கிறார். ஒரு தொழிற்சாலையின் மொத்தக் கணக்கும் ஒரு மனிதரின் வீட்டுப் பரணில் இருந்த சில நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். இனி எந்த மழைக்கும் யாரும் அப்படித் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம். கிளவுடுக்குப் போக வேறு காரணமே தேவையில்லை, எனக்கு இது போதும்.

பதினொன்றரை மணிக்குப் பட்டை நிறைகிறது. திரையில் பச்சை எழுத்து. “முடிஞ்சுது சார். பேக்கப்பும் சக்ஸஸ்.”

“சக்ஸஸ்னு வந்துச்சு. திறந்து காட்டு.”

அப்படிக் கேட்டது வெறும் பிடிவாதம் இல்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று எரிந்து போனது. காப்புப் பிரதியையும் அதே இடத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியின் கிளவுட் அமைப்பே அழிந்தது. ஓராண்டுக்கு முன் கூகுள் அதை உருவாக்கிக் கொடுத்தபோது ஒரு விவரம் காலியாக விடப்பட்டிருந்தது; அதனால் ஆண்டு முடிந்ததும் அமைப்பு தானாக நீங்கிவிட்டது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட அந்த நிதி, வேறொரு நிறுவனத்திடமும் காப்பு வைத்திருந்தது மீட்புக்குக் கைகொடுத்தது. தானாக நடக்கும் காரியம் தவறாகவும் தானாக நடக்கும். திறந்து பார்க்கும் ஒருவர் வேண்டும்.

“எந்தப் பில்லு சார்?”

“2015 நவம்பர். ஏதாவது ஒண்ணு. அந்த வருஷத்துக்குக் காகிதம் கிடையாது. இதுல இருந்தாத்தான் உண்டு.”

பழைய சர்வரின் திரையில் ஒன்று, லேப்டாப்பில் மும்பையிலிருந்து மீட்டெடுத்தது ஒன்று. இரண்டையும் பக்கத்தில் வைக்கிறார்கள். அக்கவுண்டன்ட் அம்மாள் எண்களை வாசிக்க, இளைஞன் சரிபார்க்கிறான். தொகை சரி. வரி சரி. தேதி சரி. சிஸ்டம் சார் குனிந்து, ஸ்டாக் பட்டியலையும் திறக்கச் சொல்கிறார்.

பாகங்களின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வருகின்றன. பழைய திரையில் அதே வரிசையில் ‘கிளட்ச் தட்டு, பெரியது’ என்று அழகாகத் தமிழில் இருக்கிறது.

“டேட்டா கெட்டுப்போச்சா?” இளைஞனின் முகம் மாறுகிறது.

“கெடல. ஸ்டோர்ஸ்ல இருந்தவருக்கு இங்கிலீஷ் வராது. அவருக்காகத் தமிழ்ல அடிச்சோம். அப்போ நாங்க யூனிகோட் எல்லாம் போடல, ஒரு பழைய ஃபான்ட். அது அங்க இல்லாததால இப்படித் தெரியுது.” சாவிக்கொத்தைத் துழாவி மேசை டிராயரைத் திறக்கிறார். தேதி எழுதிய பென் டிரைவ்கள் வரிசையாகக் கிடக்கின்றன. ஒன்றை எடுத்துக் கொடுக்கிறார். எழுத்துரு ஏறுகிறது. குறிகள் கலைந்து கிளட்ச் தட்டாகின்றன.

“இதை யூனிகோடுக்கு மாத்திடலாம் சார். நாளைக்கே செய்யறேன்” என்கிறான் இளைஞன். பிறகு தன் ஆவணத்தில் புதிதாக ஒரு தலைப்பு போடுகிறான். நேரம் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. லேப்டாப்பை மூடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் நிமிர்ந்து, “இந்த மாதிரி இன்னும் என்னென்ன இருக்கு சார்? உங்களுக்குத் தெரிஞ்சு, எங்கயும் எழுதாதது?” என்று கேட்கிறான்.

சிஸ்டம் சார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்குப் பக்கத்தில் உட்காருகிறார்.

“எழுதிக்கோ. கீழ லேபிள் பிரின்டர் ஒண்ணு இருக்கு, அது பழைய சர்வரோட நம்பரை மட்டும்தான் தேடும். ரெண்டாவது, வருஷக் கடைசியில ஸ்டாக் எடுக்கறப்ப...”