மகள் ஒளிந்திருந்த இடம்

கதை எழுதுகிறவர்களிடம் வாசகர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அந்தக் கதாநாயகி நீங்கள்தானே?" என்பார்கள். மனோதத்துவ நிபுணர்களிடம் இப்படி யாரும் கேட்பதில்லை. ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒருவர் இருந்தார். அவர்தான் அன்னா பிராய்ட்.

ஸிக்மண்ட் பிராய்டின் ஆறு குழந்தைகளில் கடைக்குட்டி அவர். 1895-ல் வியன்னாவில் பிறந்தவர். ஊரார் கனவுக்கெல்லாம் அர்த்தம் சொன்ன தகப்பனாருக்கு மகளாக இருப்பது எத்தகைய சங்கடம் என்று யோசித்துப் பாருங்கள்! நம் வீடுகளில் பெண் தான் கண்ட கனவைச் சொன்னால், "சரி, போய்ப் பல்லைத் தேய்" என்பதோடு விஷயம் முடிந்துவிடும். அன்னாவுக்கு அப்படி முடியவில்லை. 1918-ல் தொடங்கிச் சில ஆண்டுகள் தகப்பனாரே மகளின் மனத்தை ஆராய்ந்தார். இன்று அந்தத் துறையில் இதை யாரும் ஒப்ப மாட்டார்கள்.

அன்னாவுக்கு எழுத்தில் ஆசை உண்டு. இளமையில் கவிதையும் கதையும் எழுதினார். பள்ளிக்கூட ஆசிரியையாகவும் வேலை பார்த்தார். 1922-ல் வியன்னா மனப்பகுப்பாய்வுச் சங்கத்தில் அங்கத்தினராவதற்காக ஒரு கட்டுரை படித்தார். அதில் ஒரு சிறுமி வருகிறாள். அவள் மனத்தில் ஒரு பகற்கனவு தொடர்கதை போல ஓடுகிறது: ஒரு பிரபு, அவனிடம் சிறைப்பட்ட இளைஞன். பிறகு அதை அவள் காகிதத்தில் எழுதுகிறாள். எழுதும்போது ஏதோ மாறிவிடுகிறது. தன் சுகத்துக்காகக் கண்ட கனவை விட்டுவிட்டு, படிப்பவர் மனத்தைத் தொடுவதற்காகச் சொல்லத் தொடங்குகிறாள். கதை பிறக்கும் விதத்தை இவ்வளவு தெளிவாகச் சொன்ன நாவலாசிரியர் யாரையும் நான் படித்ததில்லை.

யார் அந்தச் சிறுமி? கட்டுரை படித்த நாளில் அன்னா ஒரு நோயாளியைக்கூடப் பார்த்திருக்கவில்லை. 1988-ல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய எலிசபெத் யங்-ப்ரூல், அது அன்னாவேதான் என்கிறார்.

எனக்கு இது வியப்பாக இல்லை. என் தகப்பனார் ஊரறிந்த வாத்தியார். முதல் கதை எழுதியபோது அதை முதலில் படிக்கப் போகிறவர் அவர்தான் என்று எனக்குத் தெரியும். கதாநாயகிக்கு வேறு ஊர், வேறு குலம், வேறு பெயர் கொடுத்தேன். ஆனால் அப்பாவிடம் நேரில் சொல்ல முடியாததையெல்லாம் அவள் வாயால் சொன்னேன். அப்பா படித்துவிட்டு, "பெண் நன்றாகப் பேசுகிறாள்" என்று மட்டும் சொன்னார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அன்னாவின் வாழ்க்கையைத் தியாகம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். 1923-ல் பிராய்டுக்குத் தாடையில் புற்றுநோய் கண்டது. பதினாறு ஆண்டுகள், முப்பதுக்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள். பக்கத்தில் இருந்து பணிவிடை செய்தவர் இந்த மகள். 1930-ல் கதே பரிசு கிடைத்தபோது தகப்பனாரின் உரையைப் பிராங்க்பர்ட்டில் படித்தவரும் இவரே. 1938-ல் நாஜி ரகசியப் போலீஸ் விசாரணைக்கு அழைத்துப் போனதும் இவரைத்தான். அந்த ஆண்டே குடும்பம் லண்டனுக்குப் போயிற்று. மறு ஆண்டு பிராய்ட் காலமானார். குருடான தகப்பனைக் கைப்பிடித்து நடத்திய கிரேக்கக் கதைப் பெண்ணின் பெயரால், 'ஆன்டிகனி' என்று மகளைக் குறிப்பிடுவாராம் பிராய்ட்.

எனக்கென்னவோ தியாகம் என்ற வார்த்தை போதவில்லை. யுத்த காலத்தில் டாரதி பர்லிங்ஹாமுடன் லண்டனில் குழந்தைகள் காப்பகம் நடத்தினார் அன்னா. குழந்தைகளை வாட்டியது குண்டுவீச்சைவிடத் தாயைப் பிரிந்த துக்கமே என்று கண்டார். ஒவ்வொரு பணிப்பெண்ணையும் சில குழந்தைகளுக்குத் தாய் போல வைத்துச் சின்னச் சின்னக் 'குடும்பங்கள்' அமைத்தார். அப்பா பெரியவர்களைப் படுக்கவைத்துப் பேசச் சொன்னார். மகள் தரையில் உட்கார்ந்து விளையாடும் குழந்தைகளைக் கவனித்தார். ஒரே வீட்டில் இரண்டு வழிகள்.

'நான்' என்ற சொல்லைத் தகப்பனாரே எடுத்துக்கொண்டுவிட்ட வீட்டில், 'ஒரு சிறுமி' என்று ஆரம்பித்தாவது தன்னைப் பற்றிப் பேசிவிட்டார் அவர். அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். பேசாமலே இருந்துவிடுகிற மகள்கள்தான் உலகத்தில் அதிகம்.

1982-ல் அன்னா காலமானார். 1986 முதல் அந்த லண்டன் வீடு காட்சிசாலை. தகப்பனாரின் புகழ் பெற்ற சோபாவைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். மகள் நெய்த தறியும் அதே வீட்டில் இருக்கிறது. போகிறவர்கள் அதையும் ஒரு நிமிஷம் நின்று பார்க்கலாம்.