டிங்கோவின் ஊரில் பேட் பிடிப்பவர்கள்

"விரலை விரி, இபுங்கோ. இன்னும் விரி" என்கிறார் கோச். பன்னிரண்டு வயது இருக்கும் அந்தப் பையனுக்கு. உள்ளங்கையை அகல நீட்டுகிறான். நாலரை மீட்டர் பேண்டேஜின் நுனியில் உள்ள வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல் முட்டிகளின் மேல் மூன்று சுற்று, பிறகு ஒவ்வொரு விரலிடுக்கிலும் நுழைத்து எடுத்து மறுபடியும் மணிக்கட்டுக்குக் கொண்டுவருகிறார். விரல்களைச் சேர்த்து வைத்துச் சுற்றினால், முட்டியை மடக்கியதும் துணி இறுகி, இரண்டாவது ரவுண்டிலேயே கை மரத்துவிடுமாம். கட்டி முடித்ததும் பையனின் நகங்களை அழுத்தி, ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளவுஸை எடுக்கிறார்.

2022 டிசம்பர். இம்பாலில் அந்த மாதத்தில் ஐந்தரை மணிக்கே வெளுக்கத் தொடங்கிவிடுகிறது, மாலை நாலரைக்கு இருட்டுகிறது. பயிற்சிக்கூடத்தில் ஆறு மணிக்கு முன்பே கயிறு சுழலும் சத்தம் கேட்கிறது. நான் இங்கே வந்தது குத்துச்சண்டை வீரர் டிங்கோ சிங்குக்காக. மணிப்பூரின் பிள்ளைகளுக்கு வழி திறந்துவிட்ட அந்த மனிதர் 2021 ஜூன் 10 அன்று, 42 வயதில், கல்லீரல் புற்றுநோயால் இறந்துபோனார். கடைசி ஆண்டுகளில் அவர் இந்த ஊரில்தான் பயிற்சியாளராக இருந்தார். பிள்ளைகள் ஆசிரியரை 'ஓஜா' என்பார்கள். டிங்கோவும் ஓஜாதான்.

சேக்தா என்ற கிராமத்தில் 1979 ஜனவரி முதல் தேதி பிறந்தவர். வறுமையில் அநாதை இல்லத்தில் வளர்ந்தார். இந்திய விளையாட்டு ஆணையத்தின் திறன் தேடும் திட்டத்தில் அவரைக் கண்டெடுத்தார்கள். பத்து வயதில், 1989இல் அம்பாலாவில், சப்-ஜூனியர் தேசியச் சாம்பியன். பிறகு கடற்படையில் வேலை. 1998 பாங்காக் ஆசிய விளையாட்டுக்கு இரண்டு மாதம் முன்புதான் 51 கிலோவிலிருந்து 54 கிலோ பிரிவுக்கு மாறினார். அரையிறுதியில் தாய்லாந்தின் சொந்தயா வோங்பிரேட்ஸை அவர் ஊரிலேயே, அவர் ரசிகர்கள் நடுவிலேயே வீழ்த்தினார். இறுதியில் உஸ்பெகிஸ்தானின் தைமூர் துல்யகோவ் நான்காவது ரவுண்டுக்குப் பிறகு எழுந்து வரவில்லை. 1982இல் கௌர் சிங் வென்றதற்குப் பிறகு, 16 ஆண்டுகள் கழித்து, ஆசிய விளையாட்டுக் குத்துச்சண்டையில் இந்தியாவுக்குக் கிடைத்த தங்கம் அது. சூராசந்த்பூர் பக்கத்தில் வயல்வேலை செய்துகொண்டிருந்த மேரி கோம் கிளவுஸ் மாட்டியதற்கு அந்த வெற்றிதான் தூண்டுதல்.

கோச்சுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வலது தோளை முழுதாகத் தூக்க முடியவில்லை. முப்பது ஆண்டுகளாக பேட் பிடித்ததன் கூலி அது. பார்ப்பவருக்கு, இரண்டு கைகளிலும் தோல் மெத்தையை மாட்டிக்கொண்டு அடி வாங்குகிற வேலையாகத்தான் தோன்றும். பக்கத்தில் நின்று பார்த்தால் வேறு தெரிகிறது. குத்து வந்து படும் கணத்தில் அவர் பேடை இரண்டங்குலம் முன்னால் தள்ளி எதிர்கொள்கிறார். பேட் பின்வாங்கினால் பையனின் முழங்கை காற்றில் வெட்டி இழுக்கும், மூட்டு கெடும். அதிகம் முன்னே வந்தால் மணிக்கட்டு மடங்கும். வளரும் எலும்பு எவ்வளவு எதிர்ப்பைத் தாங்கும் என்பது ஒவ்வொரு பையனுக்கும் வேறு. அதை அவர் தோள்தான் கணக்குப் போடுகிறது. குத்து சரியாக விழுந்தால் பட்டென்று ஒரே சத்தம். தோள் திரும்பாமல் கை மட்டும் போனால் சொத்தென்று கேட்கிறது. அப்போது அவர் வாயைத் திறந்து திட்டுவதில்லை. பையனின் பின்னங்காலைத் தன் காலால் லேசாகத் தட்டுகிறார். குதிகால் எழுகிறது, இடுப்பு திரும்புகிறது, அடுத்த குத்து பட்டென்கிறது. குத்து காலில் பிறக்கிறது என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அங்கேதான்.

கூடத்தின் மூலையில் ஒருவர் பஞ்சிங் பேக் தைத்துக்கொண்டிருந்தார். உள்ளே அடைத்த துணிக்கந்தல் அடி வாங்க வாங்க இறங்கி, கீழ்ப்பகுதி கல்லாகிவிடும், மேலே தொளதொளவென்று ஆகும். கீழே குத்துகிற சின்னப் பிள்ளைகளுக்குத்தான் கை உடையும். அதனால் அவ்வப்போது எல்லாவற்றையும் வெளியே கொட்டி, உதறி, மறுபடி அடைக்கிறார். இரவில் கிளவுஸுகளுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து வைப்பதும் இவர் வேலை. ஈரம் போகாவிட்டால் தோல் வெடிக்கும். இவருடைய பெயரை எந்தப் பதக்க விழாவிலும் யாரும் சொல்லப்போவதில்லை.

டிங்கோவைப் பற்றிக் கேட்டதும் கோச் பேடைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். "முன்னாலதான் போவார். பின்னால் போகத் தெரியாது" என்றார். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் தன் முதல் ஆட்டத்திலேயே டிங்கோ தோற்றார். அப்போது வயது 21. பாங்காக்கின் உயரத்தை அதன் பிறகு அவர் தொடவில்லை. காயங்கள் வந்தன. அர்ஜுனா விருது 1998இல், பத்மஸ்ரீ 2013இல் வந்தது. 2017 வாக்கில் புற்றுநோய் தெரிந்தது. சிகிச்சைச் செலவுக்கு வீட்டை விற்றார் என்று அப்போது செய்திகள் வந்தன. 2020 ஏப்ரலில், ஊரடங்கு நடுவே, விமான ஆம்புலன்ஸில் டெல்லிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே திட்டமிட்ட சிகிச்சையைத் தர முடியாத நிலை. சுமார் 2,400 கிலோமீட்டர் சாலை வழியாகவே ஆம்புலன்ஸில் திரும்பினார், வந்து சேர்ந்ததும் கொரோனா. அதிலிருந்து மீண்டார். அடுத்த ஆண்டு போய்விட்டார்.

அந்த 2,400 கிலோமீட்டரை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு வீரனின் முட்டிக்குப் பேண்டேஜ் சுற்ற இத்தனை நுணுக்கம் வைத்திருக்கிறோம். அவன் கிளவுஸைக் கழற்றிய பிறகு வரும் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு என்ன வைத்திருக்கிறோம்? தங்கம் வென்றவரின் நிலையே இது என்றால், மாநில அளவில் வெண்கலத்தோடு நின்றுவிட்டவர்களை யார் கேட்கப்போகிறார்கள்?

கோச்சிடம் இதைச் சொன்னேன். அவர் இன்னும் பின்னால் போனார். பாங்காக் அணியில் டிங்கோவின் பெயர் முதலில் இல்லை. விட்டுவிட்டார்கள். அந்த வேதனையில் அவர் நினைவிழக்கும் அளவு குடித்தார் என்பது பரவலாகத் தெரிந்த கதை. கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள், தங்கத்தோடு வந்தார். "சேர்த்துக்காம விட்டிருந்தா? நமக்கு அந்தப் பேரே தெரிஞ்சிருக்காது. பட்டியல் ஒட்டுற அன்னைக்கு, பேர் இருக்கிற பசங்களை நான் பாக்கிறதில்லை. அவங்க சந்தோஷமா இருப்பாங்க. இல்லாதவங்க வீட்டுக்குத்தான் போறேன்."

அன்று மாலை ஸ்கூட்டரில் என்னையும் ஏற்றிக்கொண்டார். அணித் தேர்வில் இடம் கிடைக்காத பையன் ஒருவனின் வீடு. மூங்கில் தட்டிச் சுவர், முற்றத்தில் விறகு. பையன் வெளியே வரவில்லை. அவன் அப்பா எங்களுக்கு மோடா போட்டுவிட்டு நேரடியாகக் கேட்டார்: "ஓஜா, இவன் இன்னும் குத்துறதுல என்ன வேலை கிடைக்கும்?" கோச் பூசி மெழுகவில்லை. ராணுவம், அசாம் ரைபிள்ஸ், போலீஸ், ரயில்வே, எல்லாவற்றிலும் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு, ஆனால் பதக்கம் வேண்டும், அதற்கு இன்னும் சில வருடம் ஆகும், அதுவரை படிப்பை விடக் கூடாது, குடிப்பவர்களோடு சேரக் கூடாது என்றார். பிறகு உள்ளே போய்ப் பையனோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது திங்கட்கிழமை காலை ஆறு மணி என்று அப்பாவிடம் சொன்னார்.

அடுத்த மே மாதம் இன மோதலில் மணிப்பூர் பற்றி எரிந்தது. சமவெளிக்காரர் மலைக்கும், மலைக்காரர் சமவெளிக்கும் போக முடியாமல் சாலைகள் அடைபட்டன. டிங்கோவின் குத்தைப் பார்த்துக் கிளவுஸ் மாட்டியவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். கோச் இப்போது சூராசந்த்பூர் பக்கத்துப் பிள்ளைகளைப் போனில் கூப்பிடுகிறார். ஓடுகிறாயா, கயிறு சுற்றுகிறாயா, எடை எவ்வளவு என்று கேட்கிறார். பேண்டேஜ் சுற்றுவதை வீடியோவில் காட்டச் சொல்லி, விரலை இன்னும் விரிக்கச் சொல்கிறார். பேட் மட்டும் போனில் பிடிக்க முடியாது என்றார் என்னிடம்.