ஆறாத புண்

திண்டுக்கல் என்றால் பூட்டு, பிரியாணி என்பார்கள். புகையிலையை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. வேடசந்தூர்ப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். மெல்லும் புகையிலைக்கு அது ஒத்துவரும். அந்தப் பயிருக்கென்றே 1948இல் அங்கே ஒன்றிய அரசின் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது.

என் அத்தை அந்த மண்ணுக்கு வாழ்க்கைப்பட்டவர். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கன்னத்தில் ஒதுக்கிய புகையிலை. ஒதுக்கிய இடத்தில்தான் புண் வந்தது. "வாய்ப்புண்ணுதானப்பா, மணத்தக்காளிக் கீரை தின்னா ஆறிரும்" என்று மூன்று மாதம் ஓட்டினார். சதைப் பரிசோதனை முடிவு வந்த இரவு, தொழில் புத்தியோடு தேட ஆரம்பித்தேன்: இதில் 'பக்' எங்கே இருக்கிறது?

புகையிலையின் நைட்ரோசமைன்கள் மரபணுவைச் சிதைப்பது தொடக்கம். அதன்பின் கட்டி வளர்ந்து பரவ உதவுபவற்றில் ஒன்று இன்டெக்ரின். செல்லின் உறையில் குத்தி நிற்கும் புரதம் அது. 1986இல் ரிச்சர்ட் ஹைன்ஸ் குழுவினர் வைத்த பெயர். நம் உடலில் 24 வகை உண்டு. வெளியே திசுவின் இழைகளைப் பிடித்திருக்கும், உள்ளே செல்லின் சட்டகத்தோடு இணைந்திருக்கும். பூட்டு உவமை இதற்குப் பாதிதான் பொருந்தும். பூட்டு சாவிக்குக் காத்திருக்கும். இன்டெக்ரின் உள்ளிருந்து கட்டளை வந்தாலும் பிடியை இறுக்கும். பிடித்திருக்கிறேன் என்ற செய்தியை உள்ளேயும் அனுப்பும்: உயிரோடு இரு, பெருகு. பிடி விட்ட சாதாரண செல் தானே செத்துப்போகும். அந்தச் சாவுக்கு 'அனோய்கிஸ்' என்று பெயர். கிரேக்கத்தில் வீடற்ற நிலை.

ஆல்ஃபா-வி பீட்டா-6 என்றொரு வகை, ஆரோக்கியமான வாய்த்தோலில் அநேகமாக இருக்காது. காயம் பட்டால் தோன்றும், செல்கள் நகர்ந்து வந்து புண்ணை மூட உதவும், ஆறியதும் மறையும். வாய்ப்புற்று பலவற்றில் அது மறையாமல் நிற்கிறது. உறங்கும் டி.ஜி.எஃப்-பீட்டா புரதத்தை எழுப்புகிறது, திசுவைக் கரைக்கும் நொதிகளைக் கூட்டுகிறது, செல்கள் ஆழத்துக்கு இறங்குகின்றன. ஆற்றுவதற்கென்று எழுதிய நிரல், நிறுத்தக் கட்டளை இல்லாமல் ஓடுகிறது. ஆறிரும் என்று அத்தை காத்திருந்த மாதங்களில், உள்ளே செல்களும் ஆற்றுகிற வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன போலும்.

இன்டெக்ரினைத் தடுத்து வாய்ப்புற்றைக் குணமாக்கும் மருந்து இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. நல்ல செல்களுக்கும் பிடிமானம் வேண்டுமே. அத்தைக்கு அறுவைசிகிச்சைதான்; கன்னத்தில் ஒரு பகுதியை எடுத்தார்கள். இப்போது குழைந்த சோறு, கஞ்சி.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் ஓர் ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று இறப்பு சுமார் 34 சதவீதம் குறைந்தது. 2005இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. தேவைப்பட்டது வெளிச்சமும் பழகிய கண்ணும்.

எனக்குப் பழகிய கண் இல்லை. ஆனாலும் ஊருக்குப் போனால் டார்ச்சை எடுத்துக்கொண்டு, புகையிலை போடும் பெரியவர்களிடம், "வாயத் தொறங்க" என்கிறேன். மூன்று வாரமாக ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு எது தெரிந்தாலும் வண்டியில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். சிலர் திட்டுகிறார்கள். திட்டுவதற்கும் வாயைத் திறந்துதானே ஆகவேண்டும்.