மாவு மில் அம்மீட்டருக்குக் கோவையில் கிடைத்த மறுவேலை

கோயம்புத்தூரில் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். "லட்சுமி மில் ஸ்டாப்ல இறங்குங்க" என்பது மாதிரி ஒரு மில்லின் பெயர் பதிலில் வந்துவிடும். 1888-லேயே நூற்பாலை கண்ட ஊர் இது. 1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் வந்து, மலையிலிருந்து கரன்ட் இறங்கியதும் ஆலைகள் மளமளவெனப் பெருகின. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவிலேயே முதன்முதலாக மின் மோட்டார் செய்தார்கள். இன்றைக்கும் பம்ப்செட், வெட் கிரைண்டர் என்றால் கோவைதான். கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறார்கள்.

அந்த ஊருக்குத்தான் போன சித்திரையில், பழைய துண்டில் சுற்றிய ஒரு அம்மீட்டரோடு போனேன்.

அன்னூர் பக்கம் எங்கள் அப்பா மாவு மில் நடத்தினார். மில்லை மூடியபோது மோட்டார், கல், பெல்ட் எல்லாம் எடைக்குப் போயின. சுவரிலிருந்த இந்த மீட்டரை மட்டும் அம்மா கழற்றி வைத்துக்கொண்டார். கறுப்பு பேக்லைட் உடம்பு, புகை படிந்த கண்ணாடி, 0 முதல் 30 வரை எண்கள். அப்பா அரிசி கொட்டும்போது, அம்மா இந்த முள்ளைப் பார்த்து, "போதுங்க, நிறுத்துங்க" என்று கையைக் காட்டுவார். லோடு ஏறினால் முள் ஏறும். மில் சத்தத்தில் பேச்சு எடுபடாது, கைஜாடைதான்.

அந்தச் சத்தம் அம்மாவின் காதையும் பாதி கொண்டுபோய்விட்டது. இப்போது அதுதான் பிரச்னை. வீட்டு போரில் கோடையில் தண்ணீர் வற்றும்போது மோட்டார் வெறுமனே ஓடும். சத்தம் மாறுவது மற்றவர்களுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. இரண்டு கோடையில் இரண்டு முறை காயில் எரிந்து, மோட்டாரை மேலே தூக்கி ரீவைண்டிங் செய்தோம். தண்ணீர் இல்லாவிட்டால் தானாக நிறுத்தும் கருவியைப் பொருத்தினோம். அதில் சிவப்பு, பச்சை விளக்கு மாறிமாறி எரிய, அம்மா குழம்பிப்போனார். கடைசியில் மோட்டார் சுவிட்சைத் தொடவே பயந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பையன் வந்தால்தான் தண்ணீர்.

மீட்டரைச் சுத்தம் செய்து சுவர்க் கடிகாரமாக மாற்றித் தரலாம் என்பதுதான் என் திட்டம். முதலில் உக்கடம் போனேன். பழைய இரும்புக் கடைகளில் மூடிப்போன மில்களின் பேனல்கள் அடுக்கிக் கிடக்கின்றன. செம்புக்காக உடைக்கிறார்கள். மீட்டர்கள் கிலோ கணக்கில் போகின்றன. என் மீட்டருக்குப் பொருந்தும் கண்ணாடியும் ஒரு ஜோடி பித்தளை நட்டும் அங்கேயே கிடைத்தன.

அடுத்து டாக்டர் நஞ்சப்பா சாலை. மோட்டாரும் பம்ப்பும் விற்கும் கடைகளுக்கு நடுவே ஒரு சந்தில், எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். மீட்டரை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, எண்ணுக ஆரம்பத்துல நெருக்கமா, போகப்போக அகலமா இருக்குது பாத்தீங்களா? இது மூவிங் அயர்னுங்க."

உள்ளே காயிலுக்கு நடுவில் இரண்டு இரும்புத் துண்டுகள். ஒன்று அசையாதது, இன்னொன்று முள்ளோடு சேர்ந்தது. கரன்ட் பாய்ந்ததும் இரண்டும் ஒரே மாதிரி காந்தமாகி, ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளல்தான் முள்ளை நகர்த்துகிறது. கரன்ட் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நாலு மடங்காகும். அதனால்தான் எண்களுக்கு நடுவே இடைவெளி ஒரே சீராக இல்லை. கடிகாரம், தட்பவெப்பம் என்று பொழுதுபோக்குக்கு மாற்ற வேண்டுமானால், சமமான இடைவெளி உள்ள மூவிங் காயில் மீட்டர்தான் சரிப்படும். அதற்குத் துளியூண்டு கரன்ட் போதும். இதற்கு ஆம்பியர் கணக்கில் வேண்டும்.

"உள்ளார இருக்கறதைப் புடுங்கிட்டு வேற வைக்கலாம். அப்புறம் அது உங்கப்பா மீட்டர் இல்லீங்களே? ஊட்ல மோட்டார் இருக்குதுங்களா?" என்றார்.

ஒரு ஹெச்.பி. போர் மோட்டார் என்றேன். சிரித்துவிட்டார்.

முகப்பில் சின்ன எழுத்தில் 30/5 என்று போட்டிருந்தது. அதாவது, மில் வயரில் 30 ஆம்பியர் ஓடும்போது, சி.டி. எனப்படும் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர் அதை 5 ஆம்பியராகக் குறைத்து மீட்டருக்குத் தரும். எங்கள் வீட்டு மோட்டார் எடுப்பது 7 ஆம்பியர்தான். அப்படியே மாட்டினால் முள் கீழே நெருக்கமான இடத்திலேயே ஒண்டிக்கிடக்கும். பெரியவர் வழி சொன்னார். மோட்டார் வயரை சி.டி. வளையத்துக்குள் மூன்று முறை நுழைத்தால் மீட்டர் மும்மடங்காகக் காட்டும். 7 ஆம்பியர் ஓடினால் முள் 21-ல் நிற்கும்.

சோப்பு நீர் தொட்ட மெல்லிய துணியால் உடம்பைத் துடைத்தார். முள் சுழலும் முனையில் எண்ணெய் மட்டும் விடவே கூடாது என்றார். தூசு ஒட்டி முள் இறுகிவிடுமாம். முகப்பில் உள்ள சின்ன ஸ்க்ரூவைத் திருப்பி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு டாங் டெஸ்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சரியாகவே காட்டியது.

பஸ்ஸுக்கு நேரமிருந்தது. அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். அவர் உருவாக்கிய மின் சவரக் கருவியிலிருந்து பழைய இயந்திரங்கள் வரை வரிசையாக இருக்கின்றன. பக்கத்திலேயே பழைய கார்களின் கூடம். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அரைநாள் போதாது.

மறுநாள் எலெக்ட்ரீஷியன் வந்து மீட்டரை ஸ்டார்ட்டர் பாக்ஸுக்கு மேலே மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் முள் ஒரு துள்ளு துள்ளி 21-ல் நின்றது. அம்மாவுக்கு நாங்கள் எதையும் விளக்கவில்லை. இருபது நிமிஷம் கழித்து முள் மெல்ல 13-க்கு இறங்கியது. "தண்ணி நின்னுபோச்சு கண்ணு" என்று அவராகவே சுவிட்சை அணைத்தார். இப்போது பக்கத்து வீட்டுப் பையன் விளையாட மட்டும்தான் வருகிறான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு மீட்டர் இருந்தால், எடைக்குப் போடுமுன் முகப்பைப் பாருங்கள். எண்கள் சமமாக இருந்தால் பொழுதுபோக்கு வேலைக்கு ஆகும். நெருங்கி விரிந்தால் மோட்டாருக்கு ஆகும். வீட்டு மின்சாரத்தில் மாட்டும் வேலையை எலெக்ட்ரீஷியனிடமே விடுங்கள். மோட்டார் ஓடும்போது சி.டி.யிலிருந்து மீட்டர் வயரைக் கழற்றவே கூடாது. அந்த முனைகளில் ஆபத்தான வோல்டேஜ் ஏறிவிடும். இருட்டில் ஒளிரும் பெயின்ட் அடித்த பழைய ராணுவ மீட்டர் என்றால் திறக்காதீர்கள். அதில் ரேடியம் இருக்கலாம். கோவைக்கு எடுத்துப்போவதானால் வேலைநாளில் காலையிலேயே போய்விடுங்கள். முள் அடிபடாதபடி துணியில் நன்றாகச் சுற்றிக்கொள்ளுங்கள்.