வால்வு செட்டின் குரல்

“கொஞ்சம் பொறுங்க தம்பி, இன்னும் சூடாகல” என்றார் பெரியவர். சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப்படிக்கு அடியில் அவருடைய பட்டறை. மேசைமேல் கூடு கழற்றிய ஆம்ப்ளிஃபயரில் இரண்டு இ.எல்.34 வால்வுகளின் இழைகள் மெல்லச் சிவந்துகொண்டிருந்தன. மைக் செட் வாடகைக்கு விடும் நண்பர் பழுது பார்க்கக் கொண்டுவந்த செட் அது. நானும் கூடப் போயிருந்தேன்.

அதையும் ஒரு டிரான்சிஸ்டர் செட்டையும் அருகருகே வைத்து, ஒரே சைன் அலையைக் கொடுத்து வால்யூமை ஏற்றினார். அலையைக் காட்டும் சி.ஆர்.ஓ. திரையில் டிரான்சிஸ்டரின் அலை நெடுநேரம் மாசில்லாமல் நின்றது. சப்ளை வோல்டேஜின் எல்லையைத் தொட்டதும் உச்சி கத்தியால் சீவியதுபோல் தட்டையானது. வால்வில் அப்படி ஒரு கணமே இல்லை, உச்சி சிறிது சிறிதாக மழுங்கிக்கொண்டே போனது.

கணக்கில் டிரான்சிஸ்டர்தான் சுத்தம். நல்ல செட்டில் ஒலித்திரிபு 0.01 சதவீதத்துக்கும் கீழே இருக்கும். வால்வு செட்டை முழுசாக ஏற்றினால் 1 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம்.

பிறகு ஏன் வால்வு காதுக்கு இதமாக இருக்கிறது? சங்கீதம் கேட்பவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். திரிபு என்பது கொடுத்த சுரத்தோடு கொடுக்காத சுரங்களும் வந்து சேர்வது. சட்ஜம் கொடுத்தால் அதிர்வெண்ணின் இரண்டு மடங்கு மேல் சட்ஜம், மூன்று மடங்கு அதற்கும் மேலே உள்ள பஞ்சமம், ஐந்து மடங்கு தம்புராவில் தானாகவே கேட்கும் அந்தர காந்தாரம். ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று போகப்போகச் சுருதிக்கு ஒட்டாதவை பெருகும். மழுங்கிய உச்சியில் கீழ்மடங்குகளே அதிகம். சீவிய உச்சியில்தான் மேல்மடங்குகள் கூட்டமாக வருகின்றன. ஒற்றை வால்வு சர்க்யூட்டில் மேல் சட்ஜம் ஓங்கும். இந்த செட்டைப்போல இரண்டு வால்வுகள் எதிரெதிராக வேலை செய்யும் புஷ்-புல்லில் அது பெரும்பாலும் ரத்தாகிப் பஞ்சமமே மிஞ்சும்.

பெரியவருக்கோ வால்வைவிட அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்தான் பெரிது. வால்வுக்குச் சில ஆயிரம் ஓம் சுமை வேண்டும், ஸ்பீக்கரோ 8 ஓம். இரண்டையும் இணைப்பது அந்த இரும்புக்கட்டி. பன்னிரண்டு வயதில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து காயில் சுற்றப் பழகியவர் இவர். பிரைமரி ஒரு அடுக்கு, காகிதம், செகண்டரி ஒரு அடுக்கு என்று மாற்றிமாற்றிச் சுற்றினால்தான் தாளத்தின் கணீர் ஒலி மங்காமல் வெளியே வரும். “எண்ணிக்கை தப்பினா பிரிச்சிட்டு முதல்லேர்ந்து சுத்தணும்” என்றார்.

அப்படிச் சுற்றியதைத்தான் செம்புக்காக எடைபோட்டு வாங்கி உடைக்கிறார்கள். தப்பிப் பிழைத்த நல்ல செட்டுகளைத் தரகர்கள் அடிமாட்டு விலைக்குப் பிடித்து, பழம்பொருள் என்று சொல்லிப் பல மடங்குக்கு விற்கிறார்கள். சுற்றிய கைக்கு அதில் ஒரு பைசா வராது. இது அநியாயம்.

உங்கள் வீட்டுப் பரணில் வால்வு செட் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். பல வருடம் சும்மா இருந்ததை நேரே பிளக்கில் செருகவும் வேண்டாம். உள்ளே பல நூறு வோல்ட் இருக்கும், பழைய கன்டென்சர் வெடிக்கலாம். வேலை தெரிந்த ஒருவரிடம் முதலில் காட்டுங்கள், அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.