பக்கவாத்தியம் இல்லாத கச்சேரி

எங்கள் மாஸ்டர் பூலாவ் செபாங் ரயில் நிலையத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக்காரர். மலாயா ரயில்வேயில் அந்தக் காலத்தில் கணக்கும் தந்தியும் பார்த்தவர்களில் பலர் அந்த ஊர்க்காரர்கள்தான். சனிக்கிழமை பிற்பகல்களில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் பாய் விரித்து உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் பிடில் சொல்லிக்கொடுப்பார். காசு வாங்க மாட்டார். அம்மா ரப்பர்ப் பால் வெட்டி முடித்து, காண்டா என்ற தோள்கம்பில் வாளிகளைச் சுமந்து ஸ்டோரில் நிறுத்துப் போட்டுவிட்டு லயத்துக்குத் திரும்பும் நேரமும் நான் கோயிலுக்குக் கிளம்பும் நேரமும் ஒன்றாக இருக்கும். “கைய நல்லா கழுவிட்டுத் தொடு. ஒட்டுப்பால் வாசம் கம்பியில ஏறிரும்” என்பார் அம்மா. விடுமுறை நாட்களில் நானும் அவரோடு பால் மங்கு துடைக்கப் போவேன். அந்த வாசம் எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது.

சப்பணமிட்டு உட்கார்ந்து, பிடிலின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, ச-ப-ச-ப என்று சுருதி சேர்த்து, மாயாமாளவகௌளையில் சரளி வரிசை. மாஸ்டர் பாடுவார், நாங்கள் வாசிப்போம். அவர் இழுத்தால் நாங்களும் இழுக்க வேண்டும், அவர் நிறுத்தினால் நிறுத்த வேண்டும். எனக்குத் தெரிந்த பிடில் அவ்வளவுதான். வானொலியில் கேட்ட கச்சேரிகளிலும் பாடகர் பெயரைச் சொன்ன பிறகுதான் பிடில்காரர் பெயரைச் சொல்வார்கள். அதில் குறையொன்றும் எனக்குத் தோன்றியதில்லை. பிடில் என்றால் கூடப் போவது.

எழுபதுகளின் நடுவில் ஒரு டிசம்பர் விடுமுறை. மலாக்கா நகரத்தில் பியானோ சொல்லிக்கொடுத்த ஓர் ஆசிரியை தன் மாணவர்களை ஆண்டுதோறும் மேடையேற்றுவார். அந்த வருடம் லண்டனில் இசைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவருடைய பழைய மாணவர்கள் இருவர் ஊருக்கு வந்திருந்தார்கள். ஒருவருக்குப் பிடில், இன்னொருவருக்குப் பியானோ. மாஸ்டருக்கு அந்த ஆசிரியையைத் தெரியும். எங்களில் சிலரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார்.

பஸ்ஸில்தான் போனோம். தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஜப்பான்காரன் காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தண்டவாளத்தை மட்டுமா? எங்கள் லயத்திலிருந்தும் ஆட்கள் போனார்கள். என் தாத்தா திரும்பி வரவில்லை. மாஸ்டருக்கு அது தெரியும். அதைச் சொன்ன இடத்தில் கொஞ்ச நேரம் பேச்சை நிறுத்தினார்.

நேரம் இருந்ததால் முதலில் காஜா பேராங்கிற்கு அழைத்துப் போனார். அங்கே மலாக்காச் செட்டிகள் இருக்கிறார்கள். சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்து, இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்ட தமிழர் வழி வந்தவர்கள். பேச்சு மலாய், சாமி மாரியம்மன். மாஸ்டருக்குப் பழக்கமான ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து பிடில் வாசித்தார். டொண்டாங் சாயாங். ஒருவர் பந்துன் என்ற மலாய்ச் செய்யுளைப் பாட, இன்னொருவர் பந்துனிலேயே பதில் சொல்வார். ரெபானாவும் கோங்கும் பிடிலும் கூட வரும். செட்டிகள், பாபாக்கள், மலாய்க்காரர்கள், போர்த்துகீசியர் எல்லாரும் அதைப் பாடுவார்கள். 2018-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் அதைச் சேர்த்தபோது எனக்கு அந்தத் திண்ணைதான் நினைவுக்கு வந்தது. பெரியவர் பிடிலைத் தாடைக்கடியில் வைத்திருந்தார். காலில் ஊன்றாத பிடிலை நான் பார்த்தது அன்றுதான். “ஊஜோங் பாசிர்ப் பக்கம் போனா போர்த்துகீசச் சனம் பிரான்யோ ஆட இதே பிடிலத்தான் வாசிப்பினம். இந்த ஊரில எல்லாரிட்டயும் இது இருக்கு, பிள்ளை” என்றார் மாஸ்டர்.

பிறகு கச்சேரிக்குப் போனோம். மண்டபத்தில் சின்னப் பிள்ளைகள் வரிசையாக வந்து பியானோ வாசித்துப் போனார்கள். அவற்றில் எதுவும் எனக்கு நினைவில்லை. பிறகு அந்த இருவரும் வந்தார்கள். பிடில்காரர் நின்றார். தம்பூராவும் இல்லை, சுருதிப்பெட்டியும் இல்லை. பியானோவில் ஒரு கட்டையைத் தட்டி அதோடு கம்பியைச் சேர்த்துக்கொண்டார். தொடையில் தாளம் போடுவார் யாருமில்லை. ஒரு பகுதி முடிந்ததும் கைதட்டப் போன என் கையை மாஸ்டர் பிடித்துக்கொண்டார்.

முதலில் மோட்சார்ட்டின் இ மைனர் சொனாட்டா. பிடிலும் பியானோவும் ஒரே வரியை ஒன்றாக எடுத்தன. அது எனக்குப் புரிந்தது. மாஸ்டர் பாட நாங்கள் வாசிப்பதும் அப்படித்தானே. “கீரவாணி மாதிரிக் கேக்குதோ?” என்று காதருகே கேட்டார். ஆமாம், கேட்டது. ஆனால் கொஞ்ச தூரம் போனதும் இரண்டும் பிரிந்தன. ஒன்று பேச மற்றொன்று மறுத்தது. இரண்டாவது பகுதியைப் பியானோ தனியாகத் தொடங்க, பிடில் காத்திருந்து அதே பாட்டை வாங்கிக்கொண்டது. 1778-இல், இருபத்திரண்டு வயதில் மோட்சார்ட் எழுதியது அது. அதே ஆண்டு பாரிசில் அவருடைய தாய் இறந்துபோனார். இதையெல்லாம் பின்னாளில் படித்தேன். அன்று எனக்குத் தெரிந்தது, அந்தப் பாட்டுக்குள் யாரோ அழாமல் இருக்கப் பாடுபடுகிறார்கள் என்பது மட்டும்தான். அந்தக் காலத்தில் இத்தகைய சொனாட்டாக்களை ‘பிடில் துணையோடு பியானோவுக்கு’ என்றே அச்சிட்டு விற்றார்களாம். அங்கேயும் பிடில் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது!

அடுத்தது பீத்தோவனின் ஐந்தாவது பிடில் சொனாட்டா. 1801-இல் வெளியானது. ‘வசந்தம்’ என்பது பிறர் பிற்பாடு வைத்த பெயர். பிடில் ஒரு நீண்ட மெட்டைப் பாட, பியானோ அடியில் சலசலத்துக்கொண்டிருந்தது. மெட்டு முடிந்ததும் அதையே பியானோ எடுத்துக்கொண்டது. அப்போது பிடில், சற்று முன் பியானோ செய்த வேலையைச் செய்தது. தோட்டத்தில் அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும் காண்டாவைத் தோள் மாற்றிக்கொள்வார்களே, வாளியில் ஒரு சொட்டுப் பாலும் சிந்தாமல், அப்படி. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். மாஸ்டர் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது பகுதி ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். பியானோ துள்ளிக்கொண்டு ஓட, பிடில் ஒரு தட்டுப் பின்னால் வந்துகொண்டே இருந்தது. வேண்டுமென்றே அப்படி எழுதிய விளையாட்டு. பின்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். வாசித்தவர்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். மேடையில் அப்படிச் சந்தோஷமாகப் பின்தங்கவும் ஒரு பிடிலுக்கு உரிமை உண்டு என்பது எனக்கு அதுவரை தெரியாது.

திரும்பும் பஸ்ஸில் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். “அந்தப் பெட்டிக்குக் கமகம் வராது, பிள்ளை. ஒரு சுரத்தில இருந்து மற்றதுக்கு வழுக்கிப் போக ஏலாது. ஆனா பத்து விரலும் ஒரே நேரத்தில கதைக்கும். எங்கட ஆக்கள் ஒரு பாட்டுக்குள்ளயே ஆழமாப் போவினம். அவை ரெண்டு பாட்ட ஒண்டா நடத்துவினம்” என்றார். எது உசத்தி என்று நான் கேட்டதற்கு, “ரெண்டையும் கேக்கிற காதுதான் வேணும்” என்றார். வறட்டுச் சமாதானமாக அவர் அதைச் சொல்லவில்லை. பூலாவ் செபாங் வீட்டில் தியாகராஜர் படத்துக்குப் பக்கத்தில் பீத்தோவன் இசைத்தட்டுகளை அடுக்கி வைத்திருந்தவர் அவர்.

அடுத்த சனிக்கிழமை சரளி வரிசை இல்லை. பிடில் நம்மிடம் வந்த கதையைச் சொன்னார். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி சென்னையில் ஒரு வெள்ளைக்காரரிடம் பிடில் கற்றதையும், அண்ணன் அங்கே கேட்ட மேல்நாட்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருதச் சாகித்தியம் செய்ததையும் சொன்னார். நோட்டுஸ்வரம் என்று அவற்றுக்குப் பெயர். அவற்றில் ‘சியாமளே மீனாட்சி’யை எடுத்தார். நாங்கள் பள்ளியில் ஆங்கிலத்தில் பாடிய நட்சத்திரப் பாட்டின் மெட்டு! அது ஒரு பழைய பிரெஞ்சு மெட்டு. மோட்சார்ட்டும் அதை வைத்துப் பன்னிரண்டு விதமாகப் பியானோவுக்கு எழுதியிருக்கிறார் என்றார்.

எங்களை இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்கார வைத்தார். ஒரு வரிசை மெட்டை வாசிக்க, மற்ற வரிசை ச-ப மட்டும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் கையைத் திருப்பினால் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு மூன்று முறை எல்லாம் மோதிக்கொண்டன. பிறகு ஒருமுறை மாறியது தெரியாமல் மாறியது. கோயில் குழாயடியில் தண்ணீர் பிடிக்க வந்த அம்மா, குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஏங்க மாஸ்டர், இதுல யாரு பாட்டு, யாரு பக்கம்?”

“மாறி மாறித்தான், அம்மா” என்ற மாஸ்டர், இன்னும் கொஞ்சம் விரைவாக மறுபடி தொடங்கச் சொன்னார். இந்த முறை எங்கள் வரிசை முதலில்.