திருப்பிக் கொடுக்காத ஒரு புத்தகம்



பாடப் புத்தகத்துக்குள் காமிக்ஸை ஒளித்து வைத்துப் படித்து என்னிடம் மாட்டியவர்கள் உங்களில் பலர். பிடுங்கியதை எல்லாம் ஆண்டுக் கடைசியில் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஒன்றை மட்டும் கொடுக்க முடியவில்லை.

ஏழாம் வகுப்புப் பையன். அப்பா இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கையில் 'இரும்புக்கை மாயாவி'. "வீடு இருக்கிற நிலைமையில் உனக்குக் கதைப் புத்தகம் ஒரு கேடா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவன் வாய் திறக்கவில்லை. அடுத்த மாதமே அந்தக் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது.

இத்தனைக்கும் நானே மாயாவி பைத்தியம். 1962-ல் பிரிட்டனின் 'வேலியண்ட்' இதழில் பிறந்து, 1972-ல் முத்து காமிக்ஸ் மூலம் தமிழுக்கு வந்தவன். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், இரும்புக் கை மட்டும் தெரியும். ஆனால் ஆரம்பத்தில் அவன் நல்லவன் இல்லை. விபத்தில் ஒரு கையை இழந்தவன். கிடைத்த சக்தி தலைக்கேறித் தப்பு வழியில் போய், பிறகுதான் திருந்தினான்.

இப்போது என் பேரன் ஸ்பைடர்மேன் படிக்கிறான். போன வாரம் நானும் படித்தேன். ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் அதே 1962-ல் உருவாக்கிய பாத்திரம். தன்னைத் தாண்டி ஓடும் திருடனை, 'எனக்கென்ன' என்று பீட்டர் விட்டுவிடுகிறான். பிறகு அதே திருடன் அவனை வளர்த்த பெரியப்பாவைக் கொன்றுவிடுகிறான். சுவர் ஏறத் தெரிந்தவனுக்கு அந்த ஒரு நிமிடத்தைத் திரும்பப் பிடிக்கத் தெரியவில்லை. பெரியம்மாவிடம் சொல்லவும் முடியவில்லை.

அவன் மனதில் ஓடுவதைத் தலைக்கு மேல் மேகம்போல ஒரு வட்டம் போட்டு எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு அது தெரியாது. படிக்கிற நமக்கு மட்டும்தான் தெரியும். யாரிடமும் சொல்ல முடியாததை ஒருவன் நம்மிடம் மட்டும் சொல்கிறான். மனதில் பாரம் உள்ள பிள்ளைக்கு, 'என்னைப் போலவே இன்னொருத்தன் இருக்கிறான்' என்று தோன்றாதா? சக்தியைப் பார்த்து நாம் கைதட்டுகிறோம். ஒட்டிக்கொள்வது அந்த வேதனையோடுதான்.

நான் திட்டியபோது அந்தப் பையனும் பேசாமல்தான் நின்றான். அவன் தலைக்கு மேல் யாரும் மேகம் வரைந்து காட்டவில்லை. வாத்தியாரான நான்தான் பார்த்திருக்க வேண்டும்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். பாட நேரத்தில் புத்தகத்தை வாங்கி வையுங்கள், தப்பில்லை. சாயங்காலம் கூப்பிட்டு, "கதை எதுவரைக்கும் வந்திருக்குப்பா?" என்று கேட்டுவிட்டுக் கொடுத்து அனுப்புங்கள்.

தம்பி, இது உன் கண்ணில் பட்டால் ஒரு வரி எழுது. புத்தகம் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. நீ படித்துக்கொண்டிருந்த பக்கத்தை மட்டும் அன்றைக்கு நான் பார்க்காமல் மூடிவிட்டேன். மன்னித்துக்கொள்.